இறங்கத் தெரிந்தவர்

குமுளி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் காலையில் ஒரு ஜீப் வந்து நிற்கும். பின்கதவு திறக்கும். உள்ளே இருந்து பெண்கள் ஒவ்வொருவராக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முட்டியை லேசாக மடக்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தொப்தொப்பென்று குதிப்பார்கள். கையில் தூக்குச்சட்டி இருக்கும், தலையில் துண்டு இருக்கும். எல்லாரும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். குதித்த பிறகு ஒன்றும் நடக்காததுபோலச் சேலையை உதறிவிட்டுக்கொண்டு சாவடியைக் கடந்து போவார்கள். புதிதாக மாற்றலாகி வந்த மலையாளத்துப் போலீஸ்காரர் ஒருவர் இதைப் பார்த்து வாயைப் பிளந்து, "எந்தா சேச்சி இது?" என்று கேட்டார். எங்கள் பேச்சியக்கா, "டிரைனிங் சாரே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

நானும் அப்படித்தான் குதித்தேன். குமுளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் நான். கூடலூரில் வீடு. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சேலையோடு, பிள்ளைகள் யாரும் பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குதிப்பேன். முதல் வாரம் படியில் கால் வைத்து மரியாதையாக இறங்கிப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்து அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ ஒழுக்கம் கெட்ட காரியம் செய்துவிட்டதுபோல ஆகிவிட்டது.

"டீச்சர், ஒத்தக் கால முன்னால விட்டு எறங்குறது மனுசனுக்கு ஆகாது. கணுக்காலு மடங்கிப் போகும். ரெண்டையும் சேத்து விடுங்க. பூமி நம்மள வாங்கிக்கிரும்."

அவருக்குப் பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, அதனால் நானும் எழுதப் போவதில்லை. பாராசூட்டுக்காரர் என்றால் கூடலூரில் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பட்டாளத்தில் விமானத்தில் இருந்து குதிக்கிற பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு வந்து, பழைய ஜீப் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள். மீசை மட்டும் ஆளுக்கு மேல் ஒரு சுற்றுப் பெரியது.

லோயர்கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது விடியலின் பனி இறங்கி வந்து ஜீப்பை மூடிக்கொள்ளும். முன்னால் பாதை இருப்பதே தெரியாது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் பேச ஆரம்பிப்பார், யாருக்கும் இல்லாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெள்ளைக்குச் சொல்வதுபோல.

"கதவு தொறந்து கெடக்கும். எஞ்சின் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் கத்துறது காதுல விழுகாது. வெளிய போன ஒடனே காத்து நம்மள அறையும். அப்புறம் மேல குடை விரியும் பாருங்க. அம்புட்டுத்தேன். சத்தம் போயிரும். எம்புட்டு அமைதிங்கிறீக? கீழ ஏதோ ஒரு ஊருல நாய் கொலைக்கிறது மேல கேக்கும். ஒரு வீட்டுல பாத்திரம் வெளக்குறது கேக்கும். நம்ம மட்டும் அங்கன தொங்கிக்கிட்டு இருப்போம். எறங்குறோம்னே தெரியாது. பூமிதான் மெல்ல மேல வர்றாப்ல இருக்கும்."

நான் அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறேன். ஜீப் ஏறுகிறதா, மிதக்கிறதா என்று சொல்ல முடியாத சில நிமிஷங்கள் அந்தப் பாதையில் உண்டு. பள்ளிக்கூடம், சம்பளம், வீட்டில் ஊறப்போட்டுவிட்டு வந்த உளுந்து எல்லாம் எங்கோ கீழே போய்விடும். இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் நான் அந்த ஜீப்பில்தான் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பேச்சியக்காதான் எப்போதும் அந்த மயக்கத்தைக் கலைப்பாள். "அது சரிண்ணே. நீங்களா குதிச்சீகளா, தள்ளுனாகளா?"

"மொத தடவ தள்ளுனாக. மத்ததெல்லாம் நானாத்தேன் போனேன்."

"எம்புருசனும் அப்பிடித்தேன் சொல்லுவாரு, கல்யாணத்தப் பத்தி" என்பாள் அவள். ஜீப்பே குலுங்கும்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றில்கூட அவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது கிடையாது. இதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. மற்ற பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் குறி தவறாமல் சுட்டதைச் சொல்வார்கள். இவர் குறி தவறி விழுந்ததை மட்டும் சொல்வார். ஒரு தடவை எருமைகள் படுத்திருந்த குட்டையில் விழுந்தாராம். எருமைகள் நகர்ந்து இடம் விட்டனவாம். இன்னொரு தடவை ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் இறங்க, வாத்தியார் அன்றைக்கு லீவு விட்டுவிட்டாராம். "அந்த மாதிரி ஆள் எங்க பள்ளிக்கூடத்துக்கும் மாசத்துக்கு ஒருத்தர் வந்தா நல்லாருக்கும்" என்று நான் சொன்னேன். வடக்கே ஒரு கல்யாணப் பந்தலைக் கிழித்துக்கொண்டு பந்திக்கு நடுவிலேயே போய் இறங்கினாராம். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பரிமாறினார்களாம். எந்தக் கதையும் சாப்பாட்டில்தான் முடியும். "பாஷை தெரியாது, சாதி தெரியாது. மேல இருந்து விழுந்தவன ஒருத்தரும் வெரட்டுனதில்ல டீச்சர். ஒக்கார வச்சுச் சோறு போட்டாக."

ஆனால் ஏணியில் ஏறமாட்டார். இதை எழுதாவிட்டால் அவர் படம் முழுமையாகாது. வீட்டில் பல்பு பியூஸானால் அவர் மனைவிதான் நாற்காலி போட்டு ஏறி மாட்டுவார். அவர் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று பதறுவார். தென்னை மரத்தை நிமிர்ந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்தில் மகளை ஏற்றிவிட்டுவிட்டு, இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "ஏறுறது நம்ம வேல இல்ல. மேல கொண்டுபோய் விடுறதுக்குக் கவர்மெண்டுல ஆள் இருந்தாக. நம்ம எறங்குற ஆளு" என்று கூசாமல் சொல்வார்.

ஒரே ஒரு கதையை அவர் முடித்ததில்லை. கடுகுத் தோட்டத்தில் விழுந்த கதை. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் பூத்துக் கிடந்தது என்று ஆரம்பிப்பார். தோட்டக்காரன் சூடாக ரொட்டியும் கீரையும் கொண்டுவந்து வைத்தான் என்பது வரைக்கும் வருவார். அதற்கு மேல் கியரை மாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். ஏன் என்று ஒரு நாள் பேச்சியக்கா என்னிடம் சொன்னாள்.

வீட்டில் அவர் அண்ணனும் அவருமாக ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளைய மகன். அவர் பட்டாளத்தில் இருக்கும்போது தாய் இறந்துபோனாள். தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஐஸ் கட்டி வாங்கி அடுக்கி, ராத்திரியும் பகலும் காத்திருந்தார்கள். இவர் குதிக்கப் போய், தப்பான இடத்தில் விழுந்து, முகாமுக்குத் திரும்பி வருவதற்கே மறுநாள் ஆகிவிட்டது. தந்தி கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அங்கிருந்து ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாய்க்கும் அண்ணன்தான் கொள்ளி வைத்தார். வாசலில் வந்து நின்ற தம்பியைப் பார்த்து அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

"ஆகாசத்துல இருந்து குதிக்கத் தெரிஞ்சவனுக்கு, ஆத்தா வாசலுக்கு வந்துசேரத் தெரியல."

அதோடு பேச்சு நின்றது. தம்பி பட்டாளத்தில் மிச்சக் காலத்தையும் முடித்துவிட்டு ஊரோடு வந்த பிறகும் நின்ற பேச்சு நின்றதுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முன்சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தபோது அவராகச் சொன்னார். "ஆத்தாளப் பாடையில வச்ச நேரம், நான் கடுகுத் தோட்டத்துல ஒக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்திருக்கேன் டீச்சர். நல்லா ருசியா வேற இருந்துச்சு." பனி அன்றைக்குக் குமுளி வரைக்கும் விலகவே இல்லை.

அண்ணனும் தம்பியும் தோட்டம் அடுத்தடுத்து. இரண்டும் பன்னீர் திராட்சை. ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறைவைத்துத் தண்ணீர். பேசாமல் எப்படிப் பயிர் வைப்பது? அதற்கு அண்ணன் வீட்டு நாய் இருந்தது. அண்ணன் வரப்பில் நின்றுகொண்டு நாயைப் பார்த்து, "ஏய், மோட்டார அமத்தியாச்சு, இனி அங்கன பாய்ச்சிக்கிறச் சொல்லு" என்பார். இந்தப் பக்கம் தம்பி, அதே நாயிடம், "சரிங்கண்ணேன்னு சொல்லு" என்பார். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். பிள்ளைகள் மட்டும் இரண்டு வீட்டிலும் தின்று, இரண்டு வீட்டிலும் தூங்கி வளர்ந்தார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை.

ஒரு வருஷம் பாராசூட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆவணியில் முகூர்த்தம். பெரியப்பா வந்து நிற்காமல் மணையில் உட்கார மாட்டேன் என்று பெண் சொல்லிவிட்டாள். அவரும் மனைவியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுபடியும் ஒரு நாள் போனார்கள். மறுபடியும் பின்வாசல். மூன்றாவது தடவை தாம்பாளத்தை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. ஜீப்பில் பேச்சுக் குறைந்தது. பேச்சியக்கா வாயைக் கொடுத்துப் பார்த்தாலும் சிரிப்பதோடு சரி. பெண்கள் வழக்கம்போலக் குதித்தார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடி மாதம். எங்கள் ஊரில் ஒரு விழாக் கமிட்டி இருந்தது. அவர்களுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. வெளியூரில் இருந்து சாகச விளையாட்டுக்காரர்களை வரவழைத்தார்கள். ஜீப்பில் கயிறு கட்டி, பாராசூட்டில் ஆளை மாட்டி, இழுத்து உயரே கொண்டுபோகிற விளையாட்டு. ஆடியில் மலை இடுக்கு வழியாக வருகிற காற்று எங்கள் பள்ளத்தாக்கில் ஆளையே தள்ளும். வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் விடியற்காலை ஆறு மணிக்கு, காற்று எழுந்திருக்கும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கமிட்டியும் தலையாட்டியது. ஆனால் சிறப்பு விருந்தினர் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது? விருந்தினர் வந்து சேரும்போது மணி பத்தரை. அதற்குப் பிறகு மாலை, பொன்னாடை, வரவேற்புரை. வரவேற்புரை நடக்கும்போதே பொன்னாடை ஒன்று பறந்துபோய் மைக்கைச் சுற்றிக்கொண்டது.

வந்தவர்களில் பயிற்சியாளராக இருந்த இளைஞர் கையை விரித்துவிட்டார். இந்தக் காற்றில் முடியாது என்றார். மைதானம் நிறையக் கூட்டம். கமிட்டித் தலைவர் முகம் சுண்டிப்போனது. உடனே மைக்கைப் பிடித்து, "நமது மண்ணின் மைந்தர், வானத்தை அளந்த வீரர், இப்போது பறப்பார்" என்று அறிவித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அப்படி அறிவிப்பது எங்கள் ஊர் வழக்கம்.

கூட்டத்தில் நானும் பேச்சியக்காவும் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றோம். "போகாதீகண்ணே, மக கல்யாணத்த வச்சுக்கிட்டு" என்றாள் அவள். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தலைக்கு மேலே தூவிப் பார்த்தார். மண் நேராக வடகிழக்கே போனது. அந்தத் திசையில், மைதானத்து வேலிக்கு அடுத்து, என்ன இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணனின் திராட்சைத் தோட்டம்.

"வேண்டாம் சார், இழுத்துட்டுப் போயிடும்" என்றார் பயிற்சியாளர்.

"எனக்கு இந்தக் காத்துப் போதும் தம்பி" என்றார் அவர்.

வாரை மாட்டினார்கள். இடுப்புக்கு முன்னால் இருந்த கொக்கியைக் காட்டி, கயிறு இதில்தான் இருக்கிறது, என்ன ஆனாலும் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஜீப் கிளம்பியது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் குடை புடைத்து எழுந்தது. இரண்டு எட்டு ஓடினார். மூன்றாவது எட்டுக்குக் கீழே பூமி இல்லை. ஏணியில் ஏறாத அந்த மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மீசையோடு மேலே போவதைப் பார்த்தேன். தென்னை மரங்களுக்கு மேலே போனதும் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் தொங்கிக்கொண்டிருந்த கால்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

கூட்டம் சத்தத்தை நிறுத்திவிட்டது. மைக்கும் நின்றது. அவ்வளவு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, மலைக்கு முன்னால் அவர் சின்னதாக, அசையாமல், ஒரு கனவில் வருகிறவர்போல நின்றார். எங்கோ ஒரு நாய் குரைத்தது. அவருக்கு அது கேட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அப்போது கயிறு தனியாகக் கீழே விழுந்தது.

பயிற்சியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் பாராசூட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன், தெரிந்துதான் செய்தீர்களா என்று. "கொக்கியக் கழட்டுனது நான் டீச்சர். மத்ததெல்லாம் காத்து" என்றார். அதற்கு மேல் அவரிடம் இருந்து எதுவும் பெயராது.

குடை சாய்ந்து, வேலியைத் தாண்டி, பச்சை மேல் மெதுவாக இறங்கியது. நாங்கள் ஓடினோம். பேச்சியக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் திராட்சைப் பந்தல் சமதரையாகத் தெரியும். அது தரை இல்லை. ஆள் உயரத்துக்கும் மேலே கல்தூண்களில் இழுத்துக் கட்டிய கம்பி வலை. ஊரில் பிறந்து, அதன் கொடிகளைக் கவாத்து வெட்டிய மனிதர், அந்த உயரத்தில் அதை மறந்துவிட்டார். முட்டியை மடக்கி, தாடையை நெஞ்சில் ஒட்டி, முறைப்படி இறங்கி, முறைப்படி கம்பிக்குள் தொடை வரைக்கும் புகுந்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குடைத்துணி பந்தல் மேல் பரந்து கிடந்தது. வெயில் அதன் வழியாக விழுந்து, அடியில் இருந்த கொடிகளும் குலைகளும் எங்கள் கைகால்களும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்கள் மட்டும் பந்தலில் இருந்து கீழே தொங்கின. பழம் நசுங்கிச் சாறு கணுக்காலில் வடிந்துகொண்டிருந்தது. கால்களுக்கு நேர் கீழே, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி, அவர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நாயும் நின்றது. எங்களில் யாரும் பக்கத்தில் போகவில்லை. கால்கள் தரையைத் தேடித் துழாவின.

"ஏலே, கால ஆட்டாத. கொத்து உதிருது."

நாய்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தது. அண்ணன் நாயைப் பார்க்கவில்லை. மேலே, கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் உடனே அசைவை நிறுத்தின.

அண்ணன் கத்தரிக்கோல் பிடித்த கையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு இப்பிடி வந்து விழுந்திருக்கலாம்லடா."

"தெரிஞ்சிருந்தா விழுந்திருப்பேண்ணே" என்று மேலே இருந்து பதில் வந்தது. "எனக்குச் சேதி தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது."

பெரிய ஆண்பிள்ளை ஒருவர் இலைகளுக்கு மேலே முகம் தெரியாமல் தேம்பி அழுவதை நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம். பேச்சியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் கத்தரிக்கோலைத் தரையில் போட்டார். தலைத்துண்டை அவிழ்த்து மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கால்களுக்கு அடியில் போய் நின்று, கல்தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ம். மிதிச்சு எறங்கு."

ஒரு கால் மட்டும் மெதுவாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு காலை எடுத்து வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அண்ணன் அவசரப்படுத்தவில்லை. திராட்சைச் சாறு வழிந்து சட்டை நனைய, தம்பியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.